வீடு மாறுவது தள்ளிப்போய்விட்டது, பிள்ளைக்கு ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு வேலை வேண்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருஷம் எங்கள் வீட்டு நிலைமை இதுதான். ஊத்துக்குளியில் வாடகை வீட்டைக் காலி செய்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. கோவை சரவணம்பட்டிப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் டைல்ஸ் பாதிதான் பதித்திருந்தது, வைகாசிக் கடைசியில் குறித்த முகூர்த்தம் கைவிட்டுப் போனது. பெரியவன் அந்த ஏப்ரலில்தான் பி.காம் முடித்திருந்தான். சாமான் பாதியை என் தம்பி வீட்டு மாடியில் அடுக்கிவிட்டு, மீதியோடு அதே வீட்டில் வாடகையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த நாட்களில் பையன் வேலைக்குப் போனதைப் பார்த்துவிட்டு, இதே நிலையில் இருக்கும் அம்மாக்களும் அப்பாக்களும் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முகூர்த்தம் தவறினால் ரெண்டு வாரம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே? அதற்குள் போய் ஒரு வேலையா?

ரெண்டு வாரத்தில் முடியாதுங்க. நம் பக்கம் பெரும்பாலான வீடுகளில் ஆனியிலும் ஆடியிலும் பால் காய்ச்சுவதில்லை. வைகாசி தவறினால் அடுத்தது ஆவணி, அதாவது ஜூன் நடுவில் தவறவிட்டதை ஆகஸ்ட் பதினேழு, பதினெட்டுக்கு அப்புறம்தான் பிடிக்க முடியும். ஆவணியும் போய்விட்டால் புரட்டாசி ஆகாது, ஐப்பசிதான். டைல்ஸ் போடுகிறவர் பத்து நாள் தாமதம் செய்தால் நம் கணக்கில் அது ரெண்டு மாசம். அந்த ரெண்டு மாசத்தைத்தான் பிள்ளைகள் "இன்னைக்கு நாளைக்கு மாறிடுவோம்" என்று நினைத்துக்கொண்டு போனைப் பார்த்தே கழிக்கிறார்கள். மாறும் தேதி தெரியாத வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல் ஏறும், சும்மா இருக்கிற பிள்ளை மேல்தான் அது இறங்கும். எங்கள் வீட்டில் மூன்றாவது வாரத்திலேயே அப்பாவும் பையனும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் சனிக்கிழமை, சம்பளக் கவருடன் ராத்திரி பத்து மணிக்கு வந்தவனுக்குத் தோசை ஊற்றியது அவன் அப்பாதான்.

அவ்வளவு குறைந்த நாளுக்கு யார் வேலை தருவார்கள்?

கொங்கு நாட்டில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு, நாம் வீடு மாறாமல் காத்திருக்கும் அதே மாசங்களில்தான் இங்கே கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் ஆள் தேவைப்படுகிறது. ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடைகள் ஆள் சேர்க்கும். கோவையில் ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு, ஈரோட்டில் ஆர்.கே.வி. ரோடு பக்கமெல்லாம் நடந்து பாருங்கள், வாசலிலேயே அட்டை தொங்கும். ஆடி முடிந்த கையோடு தீபாவளி நோம்பிக்கு ஆள் எடுப்பார்கள், அது ஐப்பசி வரை ஓடும். இவர்களுக்கு வேண்டியதே ரெண்டு மாச, மூணு மாச ஆள்தான், நிரந்தரமாக இருக்கிறேன் என்று சொன்னால்தான் யோசிப்பார்கள்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கட்கிழமை ராத்திரி தொடங்கி செவ்வாய்க்கிழமை நடக்கும், கட்டு பிரிக்க, பில் போட, வெளியூர் வியாபாரிக்குப் பார்சல் கட்ட அன்றைக்கு மட்டும் ஆள் கேட்பவர்கள் உண்டு. கரூரில் திரைச்சீலை, மேஜை விரிப்பு தைக்கும் ஏற்றுமதி கம்பெனிகளில் மடிக்கவும் பேக் செய்யவும் எடுப்பார்கள். டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்த பிள்ளை என்றால் கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் மோட்டார் பம்பு கம்பெனிகளிலும் லேத் பட்டறைகளிலும் கேட்டுப் பார்க்கலாம். அங்கே ரெண்டு மாசம் கை அழுக்கானால் அது பிறகு எந்த நேர்முகத்திலும் பேசும்.

ஆடியில் தேடக் கூடாத வேலை ஒன்று உண்டு, கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது. அந்த மாசம் கல்யாணமே இல்லை. ஆவணி பிறந்ததும் அதற்கு ஆள் கிடைக்காமல் அலைவார்கள், வார முகூர்த்தங்களுக்கு மட்டும் போய் வரலாம்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை தெரியாதவனை எடுப்பார்களா?

எடுப்பார்கள். டெய்லர், கட்டிங் மாஸ்டர் வேலைக்கெல்லாம் அனுபவம் வேண்டும். செக்கிங், பேக்கிங், பிசிர் வெட்டுவது, டெய்லருக்குக் கைமடி (துணியை மடித்து எடுத்துக் கொடுக்கும் உதவி) கொடுப்பது, இதற்கெல்லாம் சொல்லிக் கொடுத்து வைத்துக்கொள்வார்கள். காலையில் எட்டு மணிக்கு முன்னால் கம்பெனி கேட்டில் போய் நின்றால் போதும், "ஆட்கள் தேவை" என்ற போர்டு பல கேட்டில் வருஷம் முழுக்கத் தொங்குகிறது.

என் பையன் செக்கிங்கில் சேர்ந்தான். டியூப்லைட்டுக்குக் கீழே நீளமான மேஜை, ஒரு பக்கம் தைத்த பீஸ் மலை மாதிரி குவிந்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துக் கழுத்து, தோள், கை, பக்கத் தையல், கீழ் மடிப்பு என்று அதே வரிசையில் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும், பிறகு உள்பக்கம் திருப்பி அதே வரிசை. ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்டதோ இருந்தால் அந்த இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். முதல் நாள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தானாம். பக்கத்து மேஜை அக்கா ஒருவர், "கண்ணு, கண்ணுல பாக்காத, கையில பாரு" என்றாராம். அப்புறம்தான் அவனுக்கு வேகம் வந்தது. இப்போது கடையில் சட்டை எடுக்கப் போனாலும் கழுத்தில் ஆரம்பித்து மடிப்பில்தான் முடிக்கிறான்.

சம்பளம் ஷிப்ட் கணக்கு. பொதுவாகக் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை ஒரு ஷிப்ட், ராத்திரி எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. ஆர்டர் அவசரம் என்றால் தினமும் ஒன்றரை ஓட்டச் சொல்வார்கள். சேரும்போதே மூன்று விஷயம் கேட்டுவிடச் சொல்லுங்கள்: ஒரு ஷிப்டுக்கு எவ்வளவு, கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு (தொழிற்சாலையில் சட்டப்படி அது இரட்டிப்பு), சம்பளம் சனிக்கிழமை முழுதாகக் கொடுப்பார்களா அல்லது ஒரு வாரத்தைப் பிடித்து வைப்பார்களா. கடைசிக் கேள்விதான் நமக்கு முக்கியம், ஏனென்றால் நாம் கிளம்பப் போகிறவர்கள். தினமும் எத்தனை ஷிப்ட் என்று ஒரு சின்ன நோட்டில் அவனே எழுதி வரட்டும். எங்களுக்கு ஒரு வாரம் அரை ஷிப்ட் குறைந்திருந்தது, நோட்டைக் காட்டினதும் சூப்பர்வைசர் மறுபேச்சில்லாமல் சேர்த்துக் கொடுத்தார்.

டிகிரி படித்த பையனை பனியன் கம்பெனிக்கு அனுப்பினால் ஒறம்பரை (சொந்தபந்தம்) என்ன சொல்லும்?

சொல்வார்கள். எங்களுக்கும் சொன்னார்கள். என் பெரியம்மா போன் செய்து, "மூணு வருஷம் படிக்க வெச்சது பிசிர் வெட்டவா?" என்றே கேட்டார். எனக்கு வலித்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் கம்பெனி வைத்திருக்கும் எத்தனையோ பேர் ஒரு காலத்தில் அதே கட்டிங் மேஜையில் நின்றவர்கள், அது எல்லோருக்கும் தெரிந்த கதை. வேலையில் கீழ் மேல் பார்க்கிற பழக்கம் நம் தாத்தாக்களிடம் இருந்திருந்தால் தோட்டத்துக் கிணற்றை நம்பியிருந்த குடும்பங்கள் தறியும் பட்டறையும் போட்டிருக்கவே முடியாது. பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: யாராவது கேட்டால் மறைக்காதே, "வீடு மாறுற வரைக்கும் போயிட்டிருக்கேனுங்க" என்று நேராகச் சொல். மறைக்க ஆரம்பித்தால்தான் அது அவமானமாகிறது.

சேரும்போதே "கொஞ்ச நாள்தான் வருவேன்" என்று சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் எடுக்க மாட்டார்களே?

சொல்லிவிட வேண்டும். இங்கே எழுதியிருக்கும் மற்ற எதையும் விட இதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். சொல்லாமல் சேர்ந்து, வேலை பழக்கி விட்டவர் நம்பி ஆர்டரைப் போட்டிருக்கும் வாரத்தில் நின்றுவிட்டால் அவருக்கு நஷ்டம், பிள்ளைக்குக் கெட்ட பெயர். அந்தப் பெயர் நம் ஊரில் எங்கே போய் முட்டும் என்று சொல்ல முடியாது, எல்லோரும் யாருக்காவது பங்காளி அல்லது மாமன் மச்சானாக இருப்பார்கள்.

சொல்லும் விதம் ஒன்று இருக்கிறது. "வீடு எப்ப முடியுதோ அதுவரைக்கும்" என்றால் யாரும் எடுக்க மாட்டார்கள், மேஸ்திரி தேதியை நாமே நம்புவதில்லை, முதலாளி ஏன் நம்பப் போகிறார். நாட்காட்டித் தேதி சொல்லச் சொல்லுங்கள். என் பையன் சொன்னது இதுதான்: "அண்ணா, ஆகஸ்ட் முப்பது வரைக்கும் ஒரு நாள் விடாம வர்றேனுங்க. அதுக்கப்புறம் கோயம்புத்தூர் போயிடுவோம். நடுவுல ஒரே ஒரு நாள் லீவு வேணும், பால் காய்ச்சுற அன்னைக்கு." முதல் கம்பெனியில் வேண்டாம் என்றார்கள், ரெண்டாவதிலும் வேண்டாம் என்றார்கள், மூன்றாவதில் "திங்கக்கிழமை வா தம்பி" என்றார்கள். மூன்று கேட் ஏறி இறங்கியது ஒரே காலையில் முடிந்த விஷயம்.

வீடு சொன்னதற்கு முன்பே தயாராகிவிட்டால்? பெரியவர்கள் முதலில் போய்விடலாம். பிள்ளை ரெண்டு வாரம் மாமா வீட்டில் தங்கி, சொன்ன தேதி வரை முடித்துக் கொடுத்துவிட்டு வரட்டும்.

வேலையைப் பழைய ஊரில் தேடுவதா, போகப் போகிற ஊரிலா?

ரெண்டுக்கும் நடுவில், வண்டித் தடத்திலேயே தேடுங்கள். ஈரோடு கோவை பாசஞ்சர் போகும் தடத்தில் ஊத்துக்குளி, திருப்பூர், சோமனூர், இருகூர், பீளமேடு எல்லாம் வரிசையாக வருகின்றன. திருப்பூரில் வேலை என்றால் இந்தப் பக்கமிருந்தும் போகலாம், வீடு மாறின பிறகு அந்தப் பக்கமிருந்தும் வரலாம், மாச சீசன் டிக்கெட் எடுத்துவிட்டால் செலவு மிகக் குறைவு. பஸ்ஸுக்கும் டீக்கும் சாப்பாட்டுக்கும் போக நாள் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் கரைந்தால் அந்த வேலை வேண்டாம். பல கம்பெனிகள் கிராமங்களுக்கே வண்டி விடுகின்றன, உங்கள் ஊர் வழியாக எது வருகிறது என்று பஸ் ஸ்டாப்பில் வெள்ளென (அதிகாலையில்) நிற்பவர்களைக் கேட்டாலே தெரிந்துவிடும்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா?

தாராளமாக. இங்கே ஜவுளிக்கடையிலும் பனியன் கம்பெனியிலும் பாதிக்குப் பாதி பெண்கள்தான். போகும்போது சில விஷயம் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு விடுவார்கள், வண்டி வீட்டு முனை வரை வருமா, கழிப்பறை எப்படி இருக்கிறது. கடைசிக் கேள்வியைக் கேட்க வெட்கப்படாதீர்கள், பன்னிரண்டு மணி நேரம் இருக்கப் போகிற இடம் அது. கடை வேலை என்றால் உட்கார நாற்காலி உண்டா என்று கேளுங்கள், விற்பனை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பாலியல் தொல்லை புகார்களைக் கேட்க உள்புகார்க் குழு இருக்க வேண்டும். ஏதாவது நடந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைக் கூப்பிடலாம் என்பதை முதல் நாளே அவள் போனில் பதிந்து கொடுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அதனால் போக்குவரத்துச் செலவு பையனை விடக் குறைவு.

உணவு டெலிவரி?

பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், லைசென்ஸ், வண்டி ஆர்.சி., பேன் கார்டு, வங்கிக் கணக்கு வேண்டும். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது நமக்கு ஒத்துவரும். ஆனால் பெட்ரோலும் வண்டித் தேய்மானமும் நம் கணக்கு, மழை நாளில் அவிநாசி ரோட்டில் நேரத்துக்கு ஓடுவது ஆபத்து. நான் என் பையனை விடவில்லை. உங்கள் முடிவு உங்களுடையது, இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்கிறார்களே?

வேண்டாம். முதலில் நூறு, இருநூறு அனுப்புவார்கள், அப்புறம் பெரிய டாஸ்க்குக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பார்கள், கட்டிய பணம் திரும்பாது. ஏமாந்துவிட்டால் அந்த நிமிஷமே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஏஜென்ட் ஒருவர் பதிவுக் கட்டணம் கேட்கிறார், கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒரு பெண் ஒரு ஆபீஸில் 1,500 கட்டினாள், அவர்கள் கொடுத்த விலாசத்துக்குப் போனால் அங்கே ஆள் எடுக்கவே இல்லை. சாதாரண வேலைக்கு இங்கே யாரும் முன்பணம் வாங்க வேண்டியதே இல்லை. யூனிபார்முக்கு டெபாசிட் என்று கேட்டால் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், விடும்போது திரும்பத் தருவார்களா என்றும் கேளுங்கள்.

எந்த விலாசம் கொடுப்பது? சர்டிபிகேட் கேட்டால்?

ஆதாரில் இருக்கிற விலாசத்தையே கொடுங்கள். புது வீட்டில் கரண்ட் கனெக்ஷனும் வரி ரசீதும் உங்கள் பெயரில் வந்த பிறகு ஆதாரை மாற்றிக்கொள்ளலாம், நடுவில் உறவினர் வீட்டு விலாசத்துக்கு மாற்றி ரெண்டு தடவை அலைய வேண்டாம். சர்டிபிகேட் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்கக் கூடாது, காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம்.

இன்னொன்று, வீடு மாறுகிறவர்களுக்கு மட்டும். பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், டிகிரி, ஆதார், பேன், பாஸ்புக், நாலு போட்டோ, எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு நீங்கள் கையில் எடுத்துப்போகும் பையில் வையுங்கள். எங்கள் வீட்டில் அந்த பைல் பீரோவோடு தம்பி வீட்டு மாடிக்குப் போய்விட்டது, பீரோவுக்கு முன்னால் கட்டில், கட்டிலுக்கு முன்னால் கிரைண்டர், அதை எடுக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போனது.

ரெண்டு மாசத்துக்குப் போய் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிப்பார்களா?

பிடித்தால் நல்லதுதான். இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான், முதலாளி 3.25 போடுகிறார். மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இது உண்டு. வேலையில் அடிபட்டால் முதல் நாளிலிருந்தே அதில் பாதுகாப்பு இருக்கிறது, மெஷின் இருக்கிற இடத்துக்கு அனுப்புகிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். பி.எஃப். 12 சதவீதம். அதற்குக் கிடைக்கும் யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண் ஆயுசுக்கும் ஒன்றுதான், அடுத்த வேலையில் புதிதாக ஒன்று போடவிடாமல் இதையே கொடுக்கச் சொல்லுங்கள்.

அரசு வேலைவாய்ப்பு அலுவலகம் உதவுமா?

மாவட்ட அலுவலகங்களில் தனியார் வேலைக்குச் சின்ன முகாம்கள் நடத்துகிறார்கள், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். அரசின் தமிழ்நாடு தனியார் துறை வேலை இணையத்திலும் பதிந்து வைக்கலாம், கட்டணம் இல்லை. மாவட்டம் மாறுகிறீர்கள் என்றால் பழைய வேலைவாய்ப்புப் பதிவைப் புது மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்ள மறக்காதீர்கள், புதிதாகப் பதிந்தால் மூப்பு போய்விடும்.

வீட்டில் சாமான் கட்ட ஆள் வேண்டுமே, அவனும் போய்விட்டால்?

ஞாயிற்றுக்கிழமை இருக்கிறான். போதும்.

சம்பளம் தராமல் இழுத்தால்?

முதலில் பிள்ளையே போய் மரியாதையாகக் கேட்கட்டும், நோட்டோடு. ரெண்டு வாரம் தாண்டினால் நீங்கள் கூடப் போங்கள். அப்படியும் இல்லை என்றால் தொழிலாளர் நலத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம், திருப்பூரில் பனியன் தொழிற்சங்கங்களும் இதற்கு உதவுகின்றன. சேர்ந்த தேதி, ஷிப்ட் நோட்டு, ஜிபேயில் வந்த சம்பளத்தின் ஸ்கிரீன்ஷாட், சூப்பர்வைசருடன் நடந்த வாட்ஸ்அப் பேச்சு, எதையும் அழித்துவிட வேண்டாம்.

வேலையை விடும்போது என்ன வாங்கிக்கொண்டு வர வேண்டும்?

பத்து நாள் முன்னால் ஒருமுறை, ரெண்டு நாள் முன்னால் ஒருமுறை ஞாபகப்படுத்தட்டும். கடைசி வாரச் சம்பளம், பிடித்து வைத்த பணம் இருந்தால் அது, யு.ஏ.என்., இ.எஸ்.ஐ. எண்கள். கம்பெனி லெட்டர்பேடில் ரெண்டு வரி, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வேலை பார்த்தார் என்று. கேட்டால் தருவார்கள், கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். சூப்பர்வைசர் நம்பரையும் வாங்கி வரட்டும். என் பையன் ஐப்பசியில் கோவையில் ஒரு ஏற்றுமதி ஆபீஸில் கணக்குப் பிரிவுக்கு நேர்முகம் போனபோது அவர்கள் போன் செய்து விசாரித்தது அந்த நம்பருக்குத்தான், "தேதி சொன்னான், அந்தத் தேதி வரைக்கும் வந்தான்" என்றாராம் அவர்.